அந்தத் தீக்கு அதிகாரி யார்?

அந்த உச்சிப் பொழுதில் நான் ஒரு பாறை மேல் சும்மா நின்றுகொண்டிருந்தேன். கையில் கொப்பு இல்லை, அரிவாள் இல்லை, தண்ணீர்க் குடம்கூட இல்லை. கழுத்தில் ஒரு பைனாகுலர், கையில் ஒரு வயர்லெஸ் செட், அவ்வளவுதான்.

எனக்குக் கீழே கூப்பு ரோட்டில் என் ஆட்கள் வரிசையாக நின்று பச்சைக் கொப்பால் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பு ரோடு என்பது ஒரு காலத்தில் மரம் வெட்டி வண்டியில் இறக்கிய மண்பாதை. செண்பகத்தோப்புக்கு மேலே, மலையின் அடிவயிற்றைச் சுற்றிப் போகும். அதைத் தாண்டித் தீ கீழே வரக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு.

சுக்குநாறிப் புல் எரிந்தால் ஒரு வாசம் வரும். கஷாயம் காய்ச்சிய வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும். சட்டையெல்லாம் சாம்பல். பொத்தானைத் தொட்டால் சுட்டது.

பக்கத்துத் தோப்பிலிருந்து தண்ணீர் சுமந்து வந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"மலையே வேகுது. ரேஞ்சரு மாப்பிள்ளை கணக்கால்லா நிக்காரு."

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கோபம் அதைவிட நன்றாக வரும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

எண்பதுகளின் கடைசி அது. மலை அணில்களுக்காக அந்தக் காட்டைச் சரணாலயம் என்று அறிவித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பங்குனி வெயில். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டும் என்று யாரோ கிழித்துப் போட்ட தீக்குச்சி. யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

மார்பளவு

போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "சார், காட்டுத் தீய அணைக்கப் போற கூட்டத்துக்குத் தலைவரா இருக்கணும்னா என்ன சார் படிக்கணும்? எம் பையனைச் சேத்து விடலாம்னு பாக்கேன்" என்றார். ஏதோ டைப்ரைட்டிங் கிளாஸ் மாதிரி.

அவருக்கு நான் சொன்ன பதில் பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

காகிதத்தில் கேட்டால் தகுதி சுலபம். அறிவியலில் ஒரு பட்டம் வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். இத்தனை மைலை இத்தனை மணிக்குள் நடந்து காட்ட வேண்டும். எனக்கு நடை பிரச்சினையே இல்லை. பிளவக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். பஸ் வராத நாட்களெல்லாம் எங்களுக்கு நடைப் பரீட்சைதான். ஆனால் மார்பளவு எடுக்கும்போது திணறிவிட்டேன். மூச்சை இழுத்து மார்பை விரித்துக் காட்டச் சொன்னார்கள். கண் பிதுங்க விரித்தேன். அப்புறம் காட்டில் பார்த்தால், தீக்கு முன்னால் மார்பை விரிக்கிறவன்தான் முதலில் விழுகிறான்.

பயிற்சியில் காற்றைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சரிவைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தப் புல் சரசரவென்று ஓடும், எந்தச் சருகு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் என்று பிரித்துச் சொன்னார்கள். ஆளை வேலைக்கு அனுப்புவதற்கு முன் அவன் திரும்பி வரும் வழியைப் பார்த்து வை என்றார்கள். அதிகாரி கொப்பைக் கையில் எடுத்துவிட்டால் அவன் அப்புறம் அதிகாரி இல்லை, தீயடிக்கும் ஆட்களில் இன்னொருவன் என்றார்கள். இதைக் கேட்டு வகுப்பில் நாங்கள் சிரித்தோம். வேலை செய்யாமல் இருக்க ஒரு பாடமா என்று.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஒரு தீக்கு ஒருவர்தான் உத்தரவு போட வேண்டும். அவர் யார் என்று அங்கே நிற்கும் கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். நம் ஊர்ப் பக்கம் வயது என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரியும் கிடையாது.

லாரியில் வந்த படை

மலையில் தீப்பிடித்தால் ராஜபாளையத்துக்கு முதலில் தெரிந்துவிடும். பஞ்சாலைகளுக்குப் பின்னால் அப்படியே புகைத் திரை எழுந்து நிற்கும். அன்று காலை ஒரு மில்லிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்களை உதவிக்கு அனுப்பினார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வந்தவர்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. தூங்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. யாருக்கும் கட்டாயம் இல்லை. நம் மலை எரிகிறதே என்று வந்தார்கள். இன்று நினைத்தாலும் அவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

லாரியின் முன்பக்கத்திலிருந்து இறங்கியவர் சுபேதார் வெங்கட்ராஜா. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, மில்லில் காவல் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். எல்லையில் சண்டை பார்த்தவர். மீசையும் பூட்ஸும் பளபளவென்று இருக்கும். தம் ஆட்களிடம் பாதி தெலுங்கு, பாதி தமிழ். அவர் "ரண்டிரா", அதாவது வாங்கடா, என்று ஒரு சத்தம் போட்டால் லாரியில் இருந்தவர்கள் மட்டுமல்ல, காடு காக்கும் என் வாட்சர்களும் சேர்ந்து ஓடினார்கள்.

எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அவர் என்னைத் தம்பி என்றார். நான் அவரை ஐயா என்றேன். கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

"ஐயா, ஒங்க ஆளுக இந்த ரோட்டுலயே நிக்கட்டும். தாண்டி வர்ற தீப்பொறிய அடிச்சாப் போதும். மேல மட்டும் ஏற வேண்டாம்."

"சரி தம்பி, சரி தம்பி."

கல்யாண வீட்டில் பந்தி பார்க்கும் பெரியவரிடம் ரசம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் இப்படித்தான் சரி சரி என்பார். காதில் விழுந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் அர்த்தமில்லை.

எனக்கு உறுத்தியது. அதனால் வனவர் தேவசகாயத்தை அவர்களோடு நிறுத்தினேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், சர்ச்சில் பாடுகிறவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். இரண்டாவது வயர்லெஸ் செட்டை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடைப் பக்கம் போனேன்.

ஓடையில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அங்கே பெரிய தோப்பு ஒன்று உண்டு. நாவல், மருது, காட்டுமா எல்லாம் கொப்போடு கொப்பு பின்னிக்கொண்டு நிற்கும். மலை அணில்கள் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே போகும். அதற்குக் கொப்புகள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவற்றின் கூடுகள் உச்சியில் இலைப் பந்துகளாகத் தொங்கின. தீ பக்கவாட்டில் தோப்பை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் ரோட்டோரமாக நாமே ஒரு தீ வைத்து அதை நோக்கி அனுப்பிவிட்டால், நடுவில் எரிய எதுவும் மிஞ்சாது. எதிர்த்தீ என்பார்கள். வாட்சர் மாடசாமியை ஓலைப்பந்தத்தோடு தயாராக நிறுத்திவிட்டு, நான் சொல்லாமல் வைக்காதே என்று சொல்லிப் பாறைக்குத் திரும்பினேன்.

அந்தச் செத்த நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

மேடு

லாரி ஆட்கள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. ஒரு எவர்சில்வர் தூக்குவாளியும் இரண்டு ஜோடிச் செருப்பும் கிடந்தன.

பைனாகுலரை எடுத்தேன். ரோட்டில் தேடினேன், பாறைக் காட்டில் தேடினேன். பிறகு மேலே பார்த்தேன். தீக்கு நேர் மேலே, ஆள் உயரப் புல் நின்ற சரிவில், வெள்ளை வெள்ளையாகப் பனியன்கள்.

 

ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சடசடவென்று மேலே ஏறி விரலைச் சுட்டுவிடும். சரிவில் நிற்கும் புல்லும் அப்படித்தான். மேலே இருக்கும் புல்லைக் கீழே இருக்கும் தீ முதலிலேயே காயவைத்து விடுகிறது. அந்தப் புல்லுக்குள்தான் அவர்கள் நின்றார்கள்.

"தேவசகாயம், எங்க நிக்கீரு?"

"மேல சார். புல்லு மேட்டுல. மேல இருந்து அடிச்சு எறக்கிரலாம்னு சுபேதார் ஐயா சொல்லுதாக."

"நீரு என்ன சொன்னீரு?"

 மெல்லச் சொன்னார். "அவிய பெரியவுக சார். வாங்கன்னு முன்னால ஏறிட்டாக. தனியா விட மனசு வரல."

அந்த நிமிஷம் அவரைக் கடித்துத் தின்றிருப்பேன். இப்போது யோசித்தால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் பெரியவர் முன்னால் நடந்தால் பின்னால் நடப்பதுதான் பழக்கம். எங்கே போகிறோம் என்று அப்புறம் கேட்டுக்கொள்வோம்.

சுபேதாரையும் என்ன சொல்ல? மேடு யார் கையில் இருக்கிறதோ அவன் கீழே இருப்பவனை அடிப்பான். அவர் படித்த பாடம் அது. அந்தப் பாடத்தால் உயிரோடு ஊர் திரும்பியவர். எதிரி துப்பாக்கியோடு வந்தால் அது சரிதான். இந்த எதிரிக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அதுவரை நெட்டுக்குத்தாக நின்ற புகை, என் கண் முன்னால் மலைப் பக்கம் சாய்ந்தது. பங்குனியில் உச்சிப் பொழுதானால் கீழே சமவெளி சூடேறிக் காற்று மலை ஏறத் தொடங்கும். அது தொடங்கிவிட்டது.

ஒரு கேள்வி

"செட்ட அவியகிட்ட குடும்."

சுபேதார் பேசினார். மூச்சு வாங்கினாலும் குரல் கலங்கவில்லை. "பயப்படாதிய தம்பி. காத்து திரும்பிருச்சுன்னு தெரியுது. உச்சி கிட்டக்கத்தான் இருக்கு, ஓடி ஏறிருதோம். நான் எம்புட்டு மலை ஏறிருக்கேன்."

"ஏற முடியாதுய்யா. தீ ஒங்கள முந்திரும். வலது கைப் பக்கம் கீழ பாருங்க. கருகுன எடம் தெரியுதா? அதுக்குள்ள போயிருங்க. அங்க இனிமே எரிய ஒண்ணுமில்ல."

"அதுக்கு முன்னால தீயில்லா நிக்குது."

"முழங்கால் ஒசரத் தீதான். அது பாறைக் காடு, புல்லு கட்டை. தாண்டிட்டியன்னா முடிஞ்சுது."

"நெருப்புக்குள்ள ஆள எறக்கச் சொல்லுதியளா தம்பி? எல்லாம் பிள்ளகுட்டிக்காரன்."

அவர் கேட்டது நியாயம். புகை சூழும்போது எவனுக்கும் கால் மேலேதான் ஓடும். எரிகிற பக்கம் நடக்கச் சொன்னால் எவன் கேட்பான்? அந்த ஆட்களுக்கு என்னைத் தெரியாது. காலையில் பார்த்த ஒரு பொடியன் நான். அவர் சொன்னால் மட்டும்தான் நடப்பார்கள். அவரோ என்னை நம்பவில்லை. காற்றையும் சரிவையும் அவருக்குப் பாடம் எடுக்க நேரமும் இல்லை.

தீயின் இரைச்சல் செட்டில் முதலிலும், மலையிலிருந்து என் காதுக்குப் பிறகும் கேட்டது.

"சுபேதார்" என்றேன். ஐயாவை விட்டுவிட்டேன். திட்டம் போட்டு விடவில்லை. வாயில் வரவில்லை. "இந்தத் தீக்கு கமாண்டர் யாரு?"

 பின்னால் யாரோ இருமுவது கேட்டது. எவனோ அம்மா என்றான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கமாண்டர் யாரு?"

"நீங்க, சார்."

அதுவரை என்னை அவர் சார் என்றதில்லை.

"அப்ப இது ஆர்டர். டெரிலின் சட்டை உருகி ஒடம்புல ஒட்டிரும், போட்டவன் கழத்தி எறியட்டும். குடிக்கிற தண்ணிய ஊத்தித் துண்ட நனைச்சு மூஞ்சில கட்டச் சொல்லுங்க. தேவசகாயம் முன்னால போகட்டும். ஒருத்தன் பின்னால ஒருத்தன், நிக்கக் கூடாது. நீங்க கடைசில வாங்க. கருகுன எடத்துல போய் உக்காந்துட்டு எனக்குச் சொல்லணும்."

"எஸ் சார்."

பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். என் உத்தரவு தப்பு, எல்லோரும் சாகப் போகிறோம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாராம். நினைத்துக்கொண்டே கீழ்ப்படிந்திருக்கிறார். எனக்கு அந்தக் குணம் கிடையாது.

பந்தம்

புகை இறங்கி மூடிக்கொண்டது. பைனாகுலரில் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

மாடசாமி பந்தத்தோடு ஓடி வந்தான். "சார், கொளுத்தட்டுமா? இப்ப விட்டா தோப்பு போயிரும்."

அவன் சொன்னது உண்மை. அப்போது வைத்தால் தோப்பு பிழைக்கும். ஆனால் நாங்கள் வைக்கும் தீயும் மலை மேல்தான் ஏறும். அந்தச் சரிவில் ஆட்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

"வேண்டாம்."

"சார், கூடு பூராம் குஞ்சு கெடக்கு."

"வேண்டாம்னு சொன்னேன். பந்தத்த மண்ணுல குத்து."

குத்தினான். என்னைப் பார்க்கவே இல்லை.

பாறையிலிருந்து குதித்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டால் போதும், பிறகு என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. செத்தாலும் மாலை போடுவார்கள். ஆனால் செட் என் கையில் இருக்கிறது. நான் புகைக்குள் போய்விட்டால் மேலே இருப்பவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்? கீழே ரோட்டில் நிற்பவர்களுக்கு யார் சொல்வது? அந்தப் பாறை மேல் என் கால்களை நானே பிடித்து வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷம் காட்டில் நடந்திருக்கிறேன். அன்று நின்ற அலுப்பு எந்த நடையிலும் வந்ததில்லை.

தோப்பில் தீ நுழைந்தது. முதலில் சருகு, பிறகு கொடி, பிறகு கொப்பு. பச்சை இலை பொரியும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கூடுகள் ஒவ்வொன்றாகப் பற்றின. எனக்கு அழுகை வந்தது. கண்ணில் புகை என்று மாடசாமி நினைத்திருக்கலாம்.

"சார்…" தேவசகாயம். இருமல். "வந்துட்டோம் சார். கருகுன எடத்துல இருக்கோம்."

"எல்லாரும் வந்தாச்சா?"

"ஆறுமுகம்னு ஒரு பையன் சார். தீயக் கண்டதும் மிரண்டு திரும்பி மேல ஓடிட்டான். சுபேதார் ஐயா அவன் பின்னாலேயே போனாக. ரெண்டு பேரையும் காணும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உட்காருங்கள் என்று சொல்லியிருப்பேன். யாரும் தேடிப் போகக் கூடாது என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

புல் சரிவு முழுக்க ஒரே மூச்சில் பற்றியது. உச்சிவரை போய்விட்டுத்தான் நின்றது. அவர் ஓடி ஏறிவிடலாம் என்று சொன்ன அதே உச்சி.

அப்புறம் செட் கரகரத்தது. சுபேதாரின் குரல்.

"ரிப்போர்ட் சார். ஆள் பூராம் உள்ள வந்தாச்சு. ஒருத்தனுக்குக் காலு ரெண்டும் வெந்துபோச்சு. அடுத்த ஆர்டர் என்ன சார்?"

"அங்கேயே இருங்க" என்றேன். பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே மாடசாமியிடம் கையைக் காட்டினேன். அவன் பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பாதித் தோப்பாவது மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வராந்தா

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் டிஞ்சர் வாசத்தையும் மீறி எங்கள் மேல் புகை நாறியது. ஆறுமுகத்தை உள்ளே படுக்கவைத்திருந்தார்கள். ஓடுகிறவனைப் புரட்டித் தள்ளி, அப்படியே தோளில் போட்டுக்கொண்டு தீயைத் தாண்டியிருக்கிறார் சுபேதார். அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு. மீசையில் ஒரு பக்கம் இல்லை. மில்லிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆறுமுகத்தின் பெண்சாதி பாக்கியம் வந்தாள். மடவார் வளாகத்தில் வீடு. சமையலைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தாள், கையில் மஞ்சள்தூள் அப்படியே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றாள்.

"எம் புருசன மலை மேல ஏத்தி விட்டது யாரு?"

மில் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். சுபேதார் பெஞ்சிலிருந்து எழுந்தார். வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நாந்தாம்மா. அந்தத் தீக்கு அதிகாரி நான்."

அதற்கப்புறம் அவள் பேசியதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. என் தாயார், என் உடுப்பு, எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லோரையும் இழுத்தாள். நான் நின்று கேட்டேன். அன்று முழுவதும் நிற்பதுதான் எனக்கு விதித்திருந்தது போலும்.

வெளியே வேப்பமரத்தடியில் சுபேதார் என்னை மறித்தார்.

"ஏன் சார் அப்படிச் சொன்னிய? ஏத்துனது நானில்லா?"

"தீக்குள்ள நடந்தது பூராம் அதிகாரி கணக்குத்தான்."

"நான் போயி அவகிட்ட உள்ளதச் சொல்லிருதேன்."

"சொல்லக் கூடாது."

"இதுவும் ஆர்டரா சார்?"

"ஆமா."

என்னைப் பெரிய மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். மில் நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அவர் வேலை போகும் என்பது ஒரு பக்கம். என் தீயில், எனக்குத் தெரியாமல், என் ஆட்கள் மலை ஏறினார்கள் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்வது எனக்கு அதைவிடக் கேவலமாக இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை.

பெரிய அதிகாரி வந்து தோப்பைப் பார்த்துவிட்டு, ஏன் எதிர்த்தீ வைக்கவில்லை என்று கேட்டார். சரிவில் ஆள் இருந்தது என்றேன். இன்னொரு தடவை தோப்பைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மடவார் வளாகம்

ஆறுமுகம் பிழைத்தான். ஆனால் முழங்காலுக்குக் கீழே தோல் இழுத்துக்கொண்டு, இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பான். மில்லில் நின்று பார்க்கும் வேலை முடியவில்லை. பேண்டேஜ் துணி சுற்றும் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது.

எனக்கு மாற்றல் வந்து எங்கெங்கோ போய், தொண்ணூறுகளின் நடுவில் மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தேன். பாக்கியம் என்னை மறந்திருக்கவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் நின்று சொல்வாள்: "இந்தா போறாக பாருங்க, எம் புருசன் கால எடுத்தவுக." ஒருமுறை தேர் பார்க்கப் போன இடத்தில், என் மனைவி மக்கள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். என் மனைவிக்கு விஷயம் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊருக்கெல்லாம் சிடுசிடுக்கிறவருக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் வாய் எங்கே போனது என்று கேட்டாள்.

ஒரு சாயங்காலம் சுபேதார் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சர்க்கரை வியாதியால் மெலிந்திருந்தார். பூட்ஸ் மட்டும் அன்றைக்கும் பளபளத்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அந்த ஆர்டர ரத்து பண்ணிருங்க சார். டாக்டர் நாள் குறிச்ச மாதிரிதான் பேசுதாரு. அவகிட்ட உள்ளதச் சொல்லாம எனக்குப் போக முடியாது."

எனக்கும் அலுத்துவிட்டது. ரத்து செய்தேன். இரண்டு பேரும் நடந்தே மடவார் வளாகத்துக்குப் போனோம்.

பாக்கியம் கதவைத் திறந்தாள். "வாங்க பெரியவரே" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆறுமுகம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவசரமாக எழுந்திருக்கப் பார்த்தான். உட்கார் என்று கையமர்த்தினேன்.

சுபேதார் நடுவீட்டில் விறைப்பாக நின்றார். கையில் பழைய தழும்புகள் தெரிந்தன. "அம்மா, அன்னைக்கு ஒன் வீட்டுக்காரன மலை மேல ஏத்துனது நாந்தான். இவிய ஏறாதியன்னுதான் சொன்னாக. நான் கேக்கல. இம்புட்டு வருசமா இவிய எம் பேரச் சொல்லாம ஒங்கிட்ட ஏச்சு வாங்கிட்டுத் திரியுதாக" என்றார். 

"அது தெரியும்" என்றாள் பாக்கியம்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"கண்ணு முழிச்ச அன்னைக்கே இவுக சொல்லிட்டாக. பெரியவருதான் ஏத்துனாக, பெரியவருதான் தூக்கியாந்தாக, அது அதுக்குச் சரியாப் போச்சுன்னு."

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டு கட்டில் நாரை நிமிண்டினான். சுபேதார் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "அப்ப இத்தன வருசமா என்ன எதுக்கும்மா ஊரறியத் திட்டுன? எம் பிள்ளைக முன்னாலகூட விடலையே?"

பாக்கியம் அசரவில்லை. இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில அம்புட்டுப் பேரு நின்னாக. ஒருத்தர் வாயத் தொறக்கல. நீங்கதான நாந்தான் அதிகாரின்னு சொன்னிய. அப்பொறவு நான் வேற யார வைய? தீயவா வைய முடியும்?"